பரிபூரணத்தின் நட்சத்திர ப்ராஜெக்ட்

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. மூன்றாம் வருஷத்தில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டார்கள். எழுதினவர்களுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். செய்கிறவர்களுக்கு அல்லவா தெரியும்! லேபில் இருந்ததெல்லாம் நாலு ஸ்பெக்ட்ரோமீட்டர், முள் அசையாத கால்வனோமீட்டர் இரண்டு, ஒரு பீரோ நிறைய உடைசல் சாமான். இதை வைத்து ஆராய்ச்சி பண்ணு என்றால் எதைப் பண்ணுவது? பிள்ளைகளே வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். பேட்டரி எலிமினேட்டர், இருட்டினால் தானே எரியும் விளக்கு, மழை பெய்தால் மணியடிக்கும் சர்க்யூட். போன வருஷத்து அண்ணன்மார் பைண்டு பண்ணி வைத்த புத்தகத்தை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கொடுத்து அடித்தால் வேலை முடிந்தது. மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற ஊரில் மழைமணிக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

பரிபூரணத்துக்கு அந்த மழைமணியைக் கண்டாலே எரிச்சல் வந்தது. அவள் ஸ்பின்னிங் மில் ஃபிட்டர் பொன்னுராஜின் ஒரே மகள். முந்தின வருஷம் வால்நட்சத்திரம் வந்தபோது ஊரே மொட்டை மாடியில் ஏறி நின்று, ஒன்றும் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டு இறங்கியது. இவளுக்கு மட்டும் பஞ்சை இழுத்துவிட்ட மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளை விடவில்லை. செய்தால் நட்சத்திரத்தைப் பற்றித்தான் ப்ராஜெக்ட் என்று துறைத்தலைவர் சௌந்தரபாண்டியன் சாரிடம் போய் நின்றாள்.

சார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். நல்ல மனுஷன். பிள்ளைகளை ஒரு வார்த்தை கடிந்து பேசத் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நட்சத்திரத்துக்கு டெலஸ்கோப் வேணுமேம்மா. நம்மகிட்ட யங் மாடுலஸ் பாக்குற டெலஸ்கோப்புதான் இருக்கு. அதுல செவத்துல ஒட்டுன ஸ்கேலத்தான் பாக்க முடியும்."

"அதுல சூரியன் வெளிச்சத்தத் தாள்ல விழ வச்சுப் பாக்கலாம்ல சார்? சூரியப் புள்ளிய எண்ணலாம்."

எண்ணலாம்தான். சார் சம்மதித்தார். ஆடியில் ஆரம்பித்துப் புரட்டாசி முடிய, கல்லூரி மைதானத்தில் அந்தக் குட்டி டெலஸ்கோப்பைச் சாய்த்து வைத்து, வெள்ளைத் தாளில் விழுந்த சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் கறுத்ததுதான் மிச்சம். புள்ளி ஒன்று வந்தால்தானே எண்ணுவதற்கு! பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை சூரியன் புள்ளியில்லாமல் வெறிச்சென்று கிடக்கும். அப்படிக் கிடக்கிற வருஷம் எண்பத்தாறு என்பது பொறவு ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கிடைத்த ஒரு ப்ராஜெக்டும் இப்படிப் போனது. சரி, எரிகல் விழுவதை எண்ணலாம் என்று மார்கழிக்குக் காத்திருந்தாள். வானம் முழுக்க மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. போன பிறவியில் நட்சத்திரத்துக்கும் அவளுக்கும் என்ன பகையோ!

விளையாட்டில்லை, அவளுக்கு அந்த ப்ராஜெக்ட் உயிர்ப் பிரச்சினை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் பி.எஸ்ஸி. முடிக்கிற பிள்ளைகளில் கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, தங்க இடமும் கொடுத்து மேலே படிக்க வைத்தது. விண்ணப்பத்தோடு தானாகச் செய்த ஆராய்ச்சி ஒன்றை வைத்து அனுப்ப வேண்டும். பொன்னுராஜ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பெங்களூர்ல கூப்பிட்டான்னா போ, நான் தடுக்கல. கூப்பிடலைன்னா பி.எட். படிச்சிட்டு, பாக்குற மாப்பிள்ளையக் கெட்டிக்கோ." மழைமணியை வைத்து அனுப்பினால் பெங்களூர்க்காரன் கூப்பிடுவானா?

அப்போதுதான் பிப்ரவரிக் கடைசியில் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. தென்வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் வருஷத்தில் வெறும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இப்படி ஒன்று வெடித்ததே இல்லை. வடக்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெற்கே போகப் போகத் தெரியும். பரிபூரணம் பேப்பரைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடினாள்.

"சார், டெல்லிக்காரனுக்குத் தெரியாதாம் சார்! நமக்குத் தெரியுமாம்!"

சாருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. நூலகத்தில் இருந்த பழைய நட்சத்திர அட்லஸை எடுத்துத் தூசி தட்டினார். அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, நேர் தெற்கில், கையை நீட்டி முட்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரம். மாலை ஏழு, ஏழரை மணிக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் பிரகாசம் இன்னதென்று தெரிந்த நட்சத்திரங்கள் இருந்தன. எதைவிடக் கூடுதல், எதைவிடக் குறைவு என்று அன்றாடம் பார்த்து எழுதினால் போதும். எழுதி எழுதிப் புள்ளி வைத்துச் சேர்த்தால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடுதான் ஆராய்ச்சி. என்.சி.சி. அறையில் ஒரு பைனாகுலர் இருந்ததை சார் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார்.

ப்ராஜெக்டில் அவளுக்குக் கூட்டாளி சண்முகத்தாய். தேவதானத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். விளக்கு வைத்தபின் வாசலைத் தாண்ட சித்தி விடமாட்டாள். அதனால் பார்ப்பது பரிபூரணம், கிராஃப் போடுவது சண்முகத்தாய் என்று பிரித்துக்கொண்டார்கள்.

எல்லாம் கூடி வந்தது. கூடி வந்த நேரத்தில் லெந்து என்கிற தவக்கால நாட்கள் பிறந்தன! சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் சபையில் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் ஜெபக்கூட்டம். பொன்னுராஜ் சபைக் கமிட்டியில் இருப்பவர். அவர் வீட்டிலிருந்து ஓர் ஆள் குறைந்தாலும் மானம் போய்விடும் அவருக்கு. நட்சத்திரம் தெரிவதும் அந்த ஏழு மணி. ஈஸ்டருக்குள் அது அடிவானத்துக்குக் கீழே இறங்கியும் போய்விடும். ஆண்டவரே பார்த்து வைத்த மாதிரி இரண்டும் ஒரே நாட்கள், ஒரே நேரம்.

"அப்பா, ஏழு மணிக்குச் செத்த நேரம் மட்டும்..."

"பாடுபட்ட நாள்ல நட்சத்திரம் பாக்கப் போறியா? நல்லாருக்கு! பேசாம கெளம்பு."

அவள் பேசாமல்தான் கிளம்பினாள். ஆனால் துணிப்பையில் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் பைனாகுலர் இருந்தது. கூட்டத்தை நடத்துகிற உபதேசியார் ஐயாதுரை ஜெபம் பண்ண ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். சபையில் சுகமில்லாதவர்கள், மில்லில் வேலை போனவர்கள், மாப்பிள்ளை அமையாதவர்கள், மலையடிவாரத்தில் மழை, கடைசியில் டெல்லியில் ஆளுகிறவர்கள் வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டார். அவ்வளவு நேரமும் எல்லாரும் கண்ணை மூடி இருக்க வேண்டும். கண்ணைத் திறந்து பார்ப்பது பாவம். அதனால் அடுத்தவர் கண்ணைத் திறந்தாரா என்று யாருக்கும் தெரிய வழியில்லை. உபதேசியார் கண்ணை மூடி "எங்கள் பரம தகப்பனே" என்றதும் பரிபூரணம் எழுந்துவிடுவாள். பொறவாசலோ, கொட்டிலோ, மாடிப்படியோ, தெற்கு தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, பைனாகுலரை வைத்துப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, ஆமென் சொல்வதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் உபதேசியாருக்குத் தொண்டை கட்டி ஜெபத்தைச் சுருக்கிவிட்டார். அன்றைக்கு இவள் பாதி வாசலில் அகப்பட்டு, தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லித் தப்பினாள்.

அவளுடைய அம்மா ஞானபாக்கியத்துக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? "எங்கட்டி எந்திரிச்சு எந்திரிச்சுப் போற?" என்று ஒருநாள் கேட்டாள். மகள் உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அம்மா நடையை மறைத்துக்கொண்டு முந்தானையைப் போர்த்தி உட்கார ஆரம்பித்தாள்.

சந்தோஷமான நாட்கள் அவை. அவள் ஆயுசில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்த நட்சத்திரம் அவளுக்கு ஒரு ரகசியம் சொன்னது. அது அணையவில்லை, கூடிக்கொண்டே போனது. முதல் வாரம் பக்கத்து நட்சத்திரத்தைவிட மங்கலாக இருந்தது, அடுத்த வாரம் அதற்குச் சமமாக நின்றது, அதற்கடுத்த வாரம் அதைவிடப் பளிச்சென்று இருந்தது. வெடித்தது எப்படிக் கூடும் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததுதான் பிடித்திருந்தது. கூடியதைக் கூடியபடி எழுதினாள்.

பங்குனியில் காமராஜ் மாமா வீட்டுக் கூட்டம் வந்தது. புதிதாகக் கட்டிய மாடி வீடு. தெற்கே மறைப்பே கிடையாது. உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கியதும் பரிபூரணம் பூனை நடையாக மாடி ஏறினாள். மாடியில் மாமா வளர்த்த வெள்ளை நாய் கட்டிக் கிடந்தது. ராஜபாளையத்து நாய், சொல்லவா வேண்டும்! தெரியாத ஆள் மாடியில் ஏறியதும் தெருவே அதிர ஆரம்பித்துவிட்டது. உபதேசியார் ஜெபத்தை நிறுத்தினார். கீழே எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். திருடன் திருடன் என்று ஆண்கள் மாடிக்கு ஓடிவந்தால், பொன்னுராஜ் மகள் கண்ணில் பைனாகுலரோடு தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தெற்கே அடுத்த மாடி மில்லில் வேலை பார்க்கும் வாலிபப் பையன்கள் தங்குகிற இடம். பனியனும் கைலியுமாக இரண்டு பேர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் என்ன சொல்லி என்ன? "நட்சத்திரம் மாமா, நட்சத்திரம்!" என்று அவள் கத்தினாள். நட்சத்திரத்தைக் கை காட்டினாள். அந்தத் திசையில் அந்தப் பையன்கள்தான் நின்றார்கள். கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொன்னுராஜ் மகளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே வந்தார். வீடு வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்குக் காலைல அந்தக் கருமத்தக் கொண்டுபோய்க் குடுத்திரு. லெந்து முடியிற வரைக்கும் நீ எம் பக்கத்துலதான் இருக்கணும்."

அவர் பக்கத்தில்தான் இருந்தாள். உபதேசியார் கண்ணை மூடிய நேரமெல்லாம் அப்பாவின் கை அவள் மணிக்கட்டின்மேல் இருந்தது.

அதுவரைக்கும் எடுத்த ரீடிங்குகளைச் சாரிடம் கொண்டுபோனாள். சார் கிராஃபைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பீரோவைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். படத்தில் வெடித்த நட்சத்திரம் ஒரேயடியாக உச்சிக்குப் போய், அங்கிருந்து சரிந்து இறங்கியது.

"வெடிச்சா அணையத்தானம்மா செய்யும்? உன் கோடு மேல மேல போகுதே."

"நான் பாத்தேன் சார். கூடத்தான் செஞ்சுது."

"நீ பொய் சொல்லுதன்னு நான் சொல்லல. அடிவானத்துல தூசி, மில்லு வெளிச்சம், பஞ்சுப் புகை. கண்ணு ஏமாறும். மதுரைலருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வாராரு. புஸ்தகத்துல ஒரு மாதிரி இருக்கு, பிள்ளைங்க வேற மாதிரி எழுதிருக்குன்னா, என்னத்த கைடு பண்ணினன்னு என்னையக் கேப்பாரு. உன்னையும் ஃபெயில் பண்ணிருவாரும்மா. பெங்களூருக்கும் இதத்தான அனுப்பணும்?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இந்தப் பெண்ணை நீங்கள் தப்பாக நினைத்துவிடுவீர்கள். நம் ஊர் லேபில் ரீடிங் என்பது பார்த்து எழுதுவது அல்ல. விடை முதலில் தெரியும். விடைக்குத் தக்கபடி பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை உண்டாக்குவது. அதற்குக் குக் பண்ணுவது என்று பெயர். நன்றாகக் குக் பண்ணுகிறவள்தான் நன்றாக பிராக்டிகல் செய்கிறவள். ஆறாம் வகுப்பிலிருந்து வாத்தியார்களே கையெழுத்துப் போட்டுக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. யாரும் அதைக் களவு என்று நினைத்ததே இல்லை. சாரும் நினைக்கவில்லை. பரிபூரணத்துக்குத்தான் முதல் தடவையாக அது களவு என்று பட்டது. ஆனாலும் எத்தனை நேரம் ஒற்றைப் பிள்ளை துறைத்தலைவரிடமும் தடித்த புத்தகத்திடமும் மல்லுக்கு நிற்க முடியும்? பார்க்காமல் விட்ட நாட்கள் வேறு பாதி கிடந்தன.

சண்முகத்தாய் இந்த வேலையில் கைதேர்ந்தவள். லேப் மேஜையில் கிராஃப் தாளை விரித்து, புத்தகத்துப் படத்தைப் பார்த்துப் பார்த்து, சரிவாக ஒரு கோடு இழுத்தாள். கோட்டின்மேலேயே எல்லாப் புள்ளியும் விழுந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றிரண்டைத் தள்ளியும் வைத்தாள். பொறவு புள்ளிக்கு ஏற்ற ரீடிங்கை எழுதினாள். பரிபூரணம் தேதி மட்டும் சொன்னாள். ஃபேர் காப்பி முடிந்ததும், ஒன்றுக்கொன்று மாறி அகப்பட்டுவிடக் கூடாது என்று ரஃப் தாள்களைக் கிழித்துப் போடுவது வழக்கம். ஜெபக்கூட்டத்தில் எழுதிய துண்டுத் தாள்களைச் சண்முகத்தாய் சேர்த்துப் பிடித்து இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள். பரிபூரணம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் பிறந்ததும் தேவதானத்தில் சண்முகத்தாய்க்குப் பரிசம் போட்டார்கள். கூடப் படிக்கிற பிள்ளையின் விசேஷம் என்பதால் பொன்னுராஜ் தடுக்கவில்லை. ஞானபாக்கியத்தைத் துணைக்கு அனுப்பினார். இருட்டிய பிறகு இரண்டு பெண்களும் வயல் பக்கம் ஒதுங்கினார்கள். மில் இல்லை, விளக்கு இல்லை. மேற்கே மலை கறுப்பாக நின்றது. மலைச் சரிவுக்கு இடது பக்கம், தாழக் கிடந்தது அது. பைனாகுலர் வேண்டியிருக்கவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"ஏட்டி, அங்க பாரு! இன்னும் கூடிருக்குட்டி! எம்புட்டுக் கூடிருக்கு பாரு!" பரிபூரணம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சண்முகத்தாய் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "கூடினா கூடிட்டுப் போகுது. புக்க பைண்டு பண்ணியாச்சு" என்றாள்.

பரிபூரணம் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். பரிசம் போட்ட வீட்டில் எதற்கு அழுகிறாள் என்று ஞானபாக்கியம் வந்து பதறினாள். கூட்டாளியைப் பிரிகிற துக்கம் என்று சண்முகத்தாய் சொல்லிச் சமாளித்தாள்.

மதுரையிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் ப்ராஜெக்டைப் புரட்டிப் பார்த்து, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வந்திருக்கிறது, பலே என்றார். துறையில் அந்த இரண்டு பேருக்குத்தான் முதல் மார்க். சார் தன் கைக்காசைப் போட்டுப் பெங்களூருக்கு ரிஜிஸ்தர் தபாலில் ஒரு பிரதி அனுப்பினார். மே மாதம் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. பொன்னுராஜ் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில் முழுக்கக் காட்டினார். மாடி விவகாரத்தை அவரே மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

கார்டு வந்த வாரமே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு கட்டுரை வந்தது. தெற்கே வெடித்த நட்சத்திரம் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்திருக்கிறதாம். மூன்று மாதம் ஆகப்போகிறது, அணையவே இல்லையாம். மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறதாம். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று சொல்லப்படவில்லையாம்.

அவள் அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். சார் வீடு தேரடிக்குப் பக்கத்தில். வெயிலில் வந்து நின்றவளுக்குச் சாரின் மனைவி மோர் கொடுத்தாள். பரிபூரணம் பேப்பரைச் சாரிடம் நீட்டினாள். சார் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"சார், நாம தப்பா அனுப்பிட்டோம்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். நான் பாத்தது சரின்னு எழுதுங்க. நீங்கதான் சார் அந்த கிராஃபப் பாத்தீங்க. வேற யாரு பாத்தா?"

"என்னன்னும்மா எழுதுவேன்? பிள்ளைங்க ரீடிங்க நான்தான் மாத்தச் சொன்னேன்னு எழுதவா? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க கல்யாணத்துக்கு இருக்கு எனக்கு. எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போட்டிருக்காரு, யுனிவர்சிட்டி சீல் இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "புஸ்தகத்துல அப்படித்தான போட்டிருந்துச்சு? நான் என்ன செய்ய, சொல்லு."

மோரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள்.

பொன்னுராஜ் இரண்டு நாள் லீவு போட்டு, பெங்களூருக்குக் கூட்டிப் போனார். ஆராய்ச்சி நிலையத்து மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தோடு அவர் உட்கார்ந்திருக்க, அவளை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் முன்னால் அவளுடைய புத்தகம் திறந்து கிடந்தது. இங்கிலீஷில்தான் கேட்டார்கள். எங்கிருந்து பார்த்தாய், எதை வைத்துப் பார்த்தாய் என்றெல்லாம் கேட்டார்கள். உபதேசியார் ஜெபத்தைச் சொன்னபோது மூன்று பேரும் சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போது நடுவில் இருந்தவர் கிராஃபின்மேல் விரலை வைத்தார். மார்ச் முழுக்க அந்த நட்சத்திரம் கூடிக்கொண்டு அல்லவா இருந்தது, உனக்கு மட்டும் எப்படி இறங்கியது என்று கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பார்த்தது வேறு, எழுதியது வேறு. கூடியதைத்தான் பார்த்தேன். புத்தகத்துக்குத் தக்கபடி மாற்றினோம். சாரைக் காட்டிக்கொடுக்காமல், நாங்களாகவே மாற்றினோம் என்றாள். இங்கிலீஷ் திக்கியது. ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை.

நடுவில் இருந்தவர் முதலில் எழுதிய தாள்கள் எங்கே என்று கேட்டார்.

"கிழிச்சாச்சு சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். "ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு நாளும் சொல்லுதேன். முத வாரம் பக்கத்து நட்சத்திரத்தைவிட மங்கல், அடுத்த வாரம்..."

ஓரத்தில் இருந்தவர் தமிழ்க்காரர். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"கூடிச்சுங்கறது போன வாரமே பேப்பர்ல வந்தாச்சேம்மா. இப்போ யார் வேணும்னாலும் இப்படிச் சொல்லலாமே?"

பொய்யை நம்பி மதுரைக்காரர் பலே என்றார். உண்மையைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. நம்பவில்லை என்று அந்த மனுஷரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் இடத்தில் அவளே இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மரத்தடியிலிருந்து பொன்னுராஜ் எழுந்து ஓடிவந்தார்.

"என்ன பிள்ள, கேட்டதுக்கெல்லாம் உள்ளதச் சொன்னியா?"

"சொன்னேம்ப்பா."

"பொறவு என்ன? ஆண்டவர் பாத்துக்கிடுவார்" என்று சொல்லிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பெங்களூரிலிருந்து கடிதம் வரவில்லை. பரிபூரணம் பி.எட். படித்தாள், பார்த்த மாப்பிள்ளையைக் கட்டினாள், அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி.யும் எழுதினாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் டீச்சராகச் சேர்ந்தாள். சேர்ந்த நாளே ஒரு சபதம் எடுத்துக்கொண்டாள்: என் லேபில் பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

சபதம் நல்ல சபதம்தான். பிளஸ் டூ பிராக்டிகலில் சோனோமீட்டர் என்று ஒரு சோதனை உண்டு. கரண்டை ஒரு கம்பி வழியாக விட்டு, அது விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் ஐம்பது. ஆனால் அந்த நாட்களில் கோடை வந்தால் மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் கரண்ட் பத்தாமல் ஃபேன் மாவாட்டுகிற வேகத்தில்தான் சுற்றும். கரண்டின் துடிப்பும் நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிடும். மாரீஸ்வரி என்ற பெண்ணுக்குப் பரீட்சையில் அந்தச் சோதனை வந்தது. ஒழுங்காகச் செய்தாள். நாற்பத்தெட்டு வந்தது. நாற்பத்தெட்டு என்றே எழுதினாள். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் தப்பு என்று சுழித்து மார்க்கைக் குறைத்துவிட்டார். பரிபூரணம் கரண்ட் கதையைச் சொல்லி வாதாடிப் பார்த்தாள். "புக்ல ஐம்பதுதான டீச்சர் போட்டிருக்கு?" என்றார் அவர்.

அந்தக் குறைந்த மார்க்கில் மாரீஸ்வரிக்கு இன்ஜினியரிங் சீட் நழுவியது. அவளுடைய அம்மா பிச்சையம்மாள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். சண்டை போட வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"டீச்சர், மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தாகளாம். எம் பிள்ளைக்கு மட்டும் நீங்க ஏன் சொல்லிக் குடுக்கல? நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?" என்று கேட்டாள்.

பரிபூரணம் பிச்சையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பரீட்சைக்கு முந்தின பயிற்சி வகுப்பில் ஒரு பெண் ரீடிங் தாளோடு வந்தாள். சின்னப் பெண், கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"டீச்சர், நாலு தடவ செஞ்சு பாத்துட்டேன். புக்ல ஐம்பது போட்டிருக்கு. எனக்கு நாப்பத்தெட்டுதான் வருது. நெசமாவே அப்படித்தான் இருக்குமா டீச்சர்?"

பரிபூரணம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். ரீடிங் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"ஐம்பதுன்னு வச்சுக்கிட்டு, பின்னாலருந்து கணக்குப் போட்டுக்கிட்டு வா" என்றாள்.